உயர்தரத்தில் உயிரியல் எடுக்கலாமா? பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள்

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் எமது வீடுகளில் ஒரே கேள்விதான் எழும். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் பிள்ளைக்கு ஏ வந்திருந்தால், "பயோ எடுக்கச் சொல்லுங்க, டாக்டராகட்டும்" என்று மாமாவும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். பி, சி என்று வந்திருந்தால், "அது கஷ்டம், ஆர்ட்ஸ் செய்யட்டும்" என்று அதே வாயால் சொல்லிவிடுவார்கள். இரண்டு பேச்சிலும் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. உயிரியல் என்பது எப்படிப்பட்ட பாடம், அது எங்கெல்லாம் கொண்டு போய்ச் சேர்க்கும் என்பதும் பேசப்படுவதில்லை.

அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கெலிஓயா, கம்பளை என்று கண்டியைச் சூழ்ந்து வாழும் எமது மக்களுக்கு இந்த விடயத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உயிரியல் படித்தவர்கள் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க நாட்டிலேயே சிறந்த இடம் பேராதனை. அது எமக்கு ஒரு பஸ் பயணத் தூரம். ஆனாலும், பேராதனை என்றால் எம்மில் பலருக்கு மருத்துவ பீடமும் பூந்தோட்டமும் மாத்திரமே நினைவுக்கு வருகின்றன.

இந்தத் தீர்மானத்தை எடுக்கும்போது மனதில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மருத்துவ பீடம் கிடைக்காவிட்டாலும் இந்தப் பாடத்தைப் படித்ததற்காக என் பிள்ளை சந்தோஷப்படுமா?" ஆம் என்றால் தயங்காமல் எடுக்கலாம். இல்லை என்றால் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ இருந்தாலும் மீண்டும் யோசிக்க வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உயிரியல் பிரிவு என்றால் உயிரியல் மாத்திரமல்ல

பெயர் உயிரியல் பிரிவு என்றாலும் பிள்ளை படிக்கப் போவது மூன்று பாடங்கள். உயிரியலும் இரசாயனவியலும் கட்டாயம். மூன்றாவதாகப் பௌதிகவியலை அல்லது விவசாய விஞ்ஞானத்தைத் தெரிவு செய்யலாம். "எனக்கு பயோ என்றால் உயிர், ஆனால் பிஸிக்ஸ் பிடிக்காது" என்று சொல்லும் பிள்ளைகளின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம் ஆகிய மூன்றுக்கும் பௌதிகவியல் கட்டாயம். விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் அந்த மூன்று கதவுகளும் மூடிவிடும். விவசாயப் பட்டம், உயிரியல் விஞ்ஞானப் பட்டம் போன்றவற்றுக்கான வழி திறந்தே இருக்கும். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடச் சேர்க்கை தேவை என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் பார்க்கலாம். உயர்தரம் முடிந்த பிறகு வாங்குகிற புத்தகமாக அதை வைத்திருக்கிறோம். உண்மையில் தரம் 12இல் காலடி வைக்கும் முன்பே வாசிக்க வேண்டிய புத்தகம் அது.

அடுத்தது இஸட் புள்ளி. வெறும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பதில்லை. ஒரு பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரினதும் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதன் சராசரிதான் பிள்ளையின் இஸட் புள்ளி.

விளங்குவதற்காகக் கற்பனை எண்களை எடுப்போம். உயிரியலில் சராசரி 45, நியம விலகல் 18 என்று வைத்துக்கொண்டால் 72 புள்ளி எடுத்த பிள்ளைக்கு இஸட் 1.5. பௌதிகவியலில் சராசரி 35, நியம விலகல் 16 என்றால் 59 எடுத்தாலே இஸட் 1.5 வந்துவிடும். அதாவது கடினமான பாடத்தில் எடுக்கும் 59, இலகுவான பாடத்தில் எடுக்கும் 72க்குச் சமமாகலாம்.

இதிலுள்ள பாடம் என்ன? மூன்று பாடங்களுக்கும் சம எடை. உயிரியலில் 1.8, இரசாயனவியலில் 1.5 எடுத்துவிட்டுப் பௌதிகவியலில் சராசரியோடு நின்றுவிட்டால், அதாவது பூச்சியம் வந்தால், சராசரி 1.1 ஆகிவிடும். மூன்றிலும் 1.3 எடுத்த பிள்ளை அவரை முந்திவிடும். உயிரியலை நேசிக்கும் பிள்ளைகள் தோற்றுப்போவது பெரும்பாலும் உயிரியலில் அல்ல, மற்ற இரண்டிலும்தான். ஆகவே பிள்ளையின் உயிரியல் ஆர்வத்தைப் பார்க்கும் அதே கண்ணால் கணிதப் பெறுபேற்றையும் பாருங்கள். உயிரியல் பிரிவில் கணிதம் ஒரு பாடமாக இல்லாவிட்டாலும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

கண்டி மாவட்டத்தின் நிலை

விஞ்ஞானத் துறைகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்த 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு. கண்டி இல்லை.

அதாவது அக்குறணையிலோ மடவளையிலோ படிக்கும் பிள்ளை, நாட்டின் பெயர்பெற்ற நகரப் பாடசாலைகள் பல இருக்கும் அதே மாவட்டப் பட்டியலில் போட்டியிடுகிறது. எமது கிராமப் பாடசாலைகளில் தமிழ் மொழிமூலம் இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றோருக்குத் தெரியும். மாலையானால் கண்டி நகர ரியூஷன் வகுப்புகளுக்கு எமது பிள்ளைகள் பஸ் ஏறுவதும் அதனால்தான். மூன்று பாடங்களுக்கும் வகுப்புக் கட்டணம், போக்குவரத்து, நேரம் என்று இரண்டரை வருடங்களுக்குக் குடும்பம் தாங்க வேண்டிய சுமை இது. அதை முன்கூட்டியே மேசையில் வைத்துப் பேசிக்கொள்வது நல்லது. பிள்ளையைப் பயமுறுத்துவதற்காக அல்ல, பாதி வழியில் கைவிடாமல் இருப்பதற்காக.

உயர்தரத்துக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். "மெடிசின் கிடைக்கும் வரை" என்று மூன்று தடவையும் எழுதி, கிடைத்த வேறு பட்டத்தை உதறிவிட்டு, கடைசியில் இரண்டும் இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். இரண்டாம் தடவை எழுதுவது தவறல்ல. கிடைத்ததை அவமானமாகப் பார்க்கும் பழக்கமே பிள்ளையை முடக்குகிறது.

பேராதனையில் என்னென்ன இருக்கின்றன?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1962இல் ஆரம்பமானது. கொழும்புக்கு அடுத்து நாட்டில் உருவான இரண்டாவது மருத்துவ பீடம் அது. ஐந்து வருடப் படிப்பு, அதன் பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இதை எல்லோரும் அறிவோம். மற்றவற்றைப் பார்ப்போம்.

நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில்தான் இருக்கிறது. கால்நடை, கோழிப்பண்ணை, பால் உற்பத்தி, மிருகத்திலிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய்கள் என்று அதன் பரப்பு பெரியது. மாட்டிறைச்சி, கோழி, பால் வியாபாரத்தில் தலைமுறைகளாக இருக்கும் எமது சமூகத்தில் எத்தனை மிருக வைத்தியர்களை உங்களுக்குத் தெரியும்? அறுக்கும் முன் பிராணி நோயற்றதா என்று சான்றளிப்பவரும் மிருக வைத்தியர்தான்.

பல் மருத்துவ பீடமும் அங்கேதான். நீண்ட காலம் நாட்டில் இருந்த ஒரே பல் மருத்துவ பீடம் அதுவே. விவசாய பீடம் நான்கு வருடப் பட்டத்தை வழங்குகிறது. மண், பயிர், உணவுத் தொழினுட்பம், விலங்கு விஞ்ஞானம், விவசாயப் பொருளாதாரம் என்று அதற்குள் பல கிளைகள். விஞ்ஞான பீடத்தில் தாவரவியல், விலங்கியல், மூலக்கூற்று உயிரியல் போன்றவற்றைப் படிக்கலாம். இணைந்த சுகாதார விஞ்ஞானங்கள் பீடத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல், கதிர்ச்சிகிச்சை ஆகியவற்றுக்குப் பட்டம் உண்டு.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கடைசிப் பட்டியலைக் கவனிக்க வேண்டும். "எமது பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும்" என்று சொல்கிறோம். அது நியாயமான தேவை. ஆனால், ஒரு பெண் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் சந்திப்பது டாக்டரை மாத்திரமல்ல. இரத்தம் எடுப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், பிரசவத்துக்குப் பின் உடற்பயிற்சி சொல்லித்தருபவர், மருந்தை விளக்கிக் கொடுப்பவர் என்று எத்தனையோ பேர். அந்த இடங்களிலும் எமது பெண்கள் இருக்க வேண்டாமா?

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் பாருங்கள். மகாவலியின் மறுகரையில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், நாட்டின் பயிர் விதைகளைப் பாதுகாக்கும் தாவர மரபு வளங்கள் நிலையமும், மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் பேராதனையில்தான். 1821இல் தொடங்கப்பட்ட அரச தாவரவியல் பூங்கா, விடுமுறைக்குச் சோற்றுப் பார்சலோடு போகும் இடம் மாத்திரமல்ல. அது தாவர ஆராய்ச்சிக்கான நிறுவனமும் ஆகும்.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. குண்டசாலை விவசாயப் பாடசாலையில் டிப்ளோமா, அரச தாதியர் பயிற்சி, தேசிய கல்வியியற் கல்லூரிகள் என்று பல. எமது பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று குறைப்படும் நாம், பிள்ளை விஞ்ஞான ஆசிரியராகப் போவதைத் தோல்வியாகப் பார்க்கிறோம். இந்த முரண்பாட்டை நாமே தீர்க்க வேண்டும்.

சமூகத்துக்கு உயிரியல் ஏன் தேவை?

2020 ஏப்ரல் மாதம் கொவிட்-19 தொற்றினால் மரணிப்போரின் ஜனாஸாக்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ய வேண்டும் என்று வர்த்தமானி வந்ததை எவரும் மறக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்றின் உடல்கூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது.

அந்த நாட்களில் சொல்லப்பட்ட காரணம் என்ன? புதைத்த உடலிலிருந்து வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது. இது அரசியல் பிரச்சினையாகவும் மார்க்க உரிமைப் பிரச்சினையாகவும் இருந்தது. அதே நேரம் அது ஒரு உயிரியல் கேள்வியும்கூட. வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மாத்திரமே பெருகும் என்பது உயர்தர உயிரியல் மாணவன் படிக்கும் விடயம்.

அந்த நேரத்தில் இதைத் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் பேராசிரியர் மலிக் பீரிஸ். பேராதனை மருத்துவ பீடத்தில் 1972இல் பட்டம் பெற்றவர். அதன் பின் நுண்ணுயிரியலுக்குத் திரும்பி, ஒக்ஸ்போர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஹொங்கொங்கில் பணியாற்றினார். 2003இல் சார்ஸ் நோயை உண்டாக்கிய கொரோனா வைரஸை இனங்கண்ட விஞ்ஞானிகளில் அவர் முன்னணியில் இருந்தவர். கொவிட் நீர் மூலம் பரவும் நோயல்ல என்றும், இறந்த உடலிலிருந்து பரவுவதற்கு ஆதாரம் காணவில்லை என்றும் அவர் சொன்னபோது உலகம் கேட்டது. எமது சமூகத்தைச் சேராத அவரின் அறிவு எமது உரிமைக்குத் துணை நின்றது. அதிகாரம் உடனே செவிசாய்க்கவில்லை என்பது வேறு கதை. ஆனால், ஆய்வுகூடத்திலிருந்து வரும் வார்த்தைக்கு உள்ள கனத்தை அன்று நாம் கண்டோம். எமது வாதத்தை எமக்காக யாரோ எடுத்துச் சொல்லும் வரை காத்திருக்கும் நிலை நீடிக்கத்தான் வேண்டுமா?

இன்னும் அன்றாட விடயங்களுக்கு வருவோம். அக்குறணையும் மாத்தளையும் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரத்துக்குப் பேர்போனவை. சரியாகக் காயாத சாதிக்காயில் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சை வளர்ந்தால் அப்லடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஐரோப்பிய நாடுகள் அதற்கு எல்லை வைத்திருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் முழுத் தொகுதியும் திருப்பி அனுப்பப்படும். வாப்பாவின் கடையைப் பிள்ளை கைவிட்டுவிடும் என்ற பயத்தில் விஞ்ஞானம் வேண்டாம் என்கிறவர்கள் சிந்திக்கட்டும். அந்தக் கடையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போகக்கூடியவர் நுண்ணுயிரியலும் உணவு விஞ்ஞானமும் படித்த மகனோ மகளோதான்.

ஹலால் விடயமும் அப்படியே. பதப்படுத்திய இறைச்சியில் வேறு பிராணியின் இறைச்சி கலந்திருக்கிறதா என்பதை இன்று டி.என்.ஏ.யை வைத்து, பி.சி.ஆர். முறையில் கண்டுபிடிக்கிறார்கள். மூலக்கூற்று உயிரியல் என்று உயர்தரத்தில் படிக்கும் பாடத்தின் பயன்பாடுதான் அது.

சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்கள் எம்மில் பல. தலசீமியா போன்ற பரம்பரை நோயைக் காவும் இருவர் மணமுடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு அந்த நோய் வரலாம். நெருங்கிய உறவினர் இருவரும் ஒரே மரபணுவைக் காவும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். நிக்காஹ் பேசும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு மரியாதையாக, விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது மரபியல் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு மருத்துவக் கல்வி

இங்கே கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் படிப்பிக்கலாம் என்று காணி விற்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். வசதியிருந்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் மூன்று விடயங்களை உறுதிப்படுத்துங்கள். அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையால் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு மருத்துவ சபை கேட்கும் குறைந்தபட்சத் தகைமைக்கு வர வேண்டும். பட்டம் பெற்று வந்த பிறகு இங்கே பதிவு செய்யத் தனியான பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முகவர் நிலையத்தின் பேச்சை மாத்திரம் நம்பாமல் மருத்துவ சபையிடமே நேரடியாக விசாரியுங்கள்.

தீர்மானிக்கும் முன் செய்ய வேண்டியவை

சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களைப் பயன்படுத்துங்கள்.

முதலாவது, தரம் 12 உயிரியல் வளநூலைக் கடன் வாங்கி, கலம் பற்றிய பகுதியைப் பிள்ளை தனியாக இருந்து வாசிக்கட்டும். உயிரியலில் மனனம் செய்ய வேண்டியது நிறைய உண்டு. ஆனால், "ஏன் இப்படி நடக்கிறது?" என்று தேடும் ஆசை இல்லாமல் மனனத்தால் மாத்திரம் இதைத் தாண்ட முடியாது. பத்துப் பக்கம் வாசித்த பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்ட ஆசை வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, சாதாரண தர விஞ்ஞானக் கடந்தகால வினாத்தாள்களில் பௌதிகவியல், இரசாயனவியல் வினாக்களை மாத்திரம் தனியாகச் செய்து பார்க்கட்டும். அங்கே தொடர்ந்து தடுமாறினால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

மூன்றாவது, ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் பேராதனையில் இந்தப் பட்டங்கள் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. இப்போதே தொடங்கினால் பிறகு மூச்சுத் திணறாது.

நான்காவது, ஒரு நாள் பேராதனைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவ பீட மாணவரிடம் மாத்திரமன்றி, விவசாய பீடத்திலோ மிருக வைத்திய பீடத்திலோ படிக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, மற்ற வழிகளையும் நேர்மையாக ஒப்பிடுங்கள். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்குக் கணிதப் பிரிவு இருக்கிறது. செயல்முறையாக வேலை செய்ய விரும்பும் பிள்ளைக்கு 2013இல் அறிமுகமான தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்ற பாடம் உண்டு, அதற்குப் பல்கலைக்கழகப் பட்டமும் உண்டு. வர்த்தகமோ கலையோ விரும்பும் பிள்ளையை அடுத்தவர் பேச்சுக்காக ஆய்வுகூடத்தில் நிறுத்தாதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவ பீடம் சென்ற பிள்ளைகளைப் பாராட்டி மேடையில் பொன்னாடை போர்த்துகிறீர்கள். நல்லது. அடுத்த முறை விவசாய பீடம், மிருக வைத்திய பீடம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கிடைத்த பிள்ளைகளையும் அதே மேடைக்கு அழையுங்கள். கீழே அமர்ந்திருக்கும் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு எந்த வழிகாட்டல் கருத்தரங்கும் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும்.

பெற்றோரே, பிள்ளை உயிரியலைத் தெரிவு செய்தால், அது டாக்டர் என்ற ஒற்றைச் சொல்லுக்காக இல்லாமல் அந்தப் பாடத்துக்காக இருக்கட்டும். அப்படித் தெரிவு செய்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளை கற்ற எதுவும் வீண்போகாது.